சுகுமாறன் பாக்கெட்டுக்குள் அடித்த மணி

இந்தத் தீபாவளிக்கு ஒட்டடைக்குச்சியைத் தொடுவதில்லை என்று சுகுமாறன் சபதம் எடுத்தான். மனசுக்குள்தான் எடுத்தான். மனைவி வாசுகியின் காதில் விழுந்த சபதம் எதுவும் அந்த வீட்டில் பிழைத்ததில்லை.

அவனுக்கு வாரத்தில் ஒரே சொர்க்கம் சனிக்கிழமை நாலு மணி. தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து வீட்டு லியோனார்டோடு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ, கேரம். வாசுகியும் அதே நாலு மணிக்குத்தான் வாளியைத் தூக்குவாள்.

சுகுமாறன் பாசிர் கூடாங் ஊரில் ரிமோட் செய்யும் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அங்கே அரிசியளவில் ஒரு சிப் உண்டு. ரேடியோ அலை அனுப்பும் வேலை முழுவதையும் அது ஒன்றே பார்த்துக்கொள்ளும், சுவரையும் தாண்டும். அதை ஒரு சின்னப் பட்டனுக்குள் வைத்து, வீட்டு வயர்லெஸ் காலிங்பெல்லின் ரகசியக் குறியீட்டை அதற்குச் சொல்லிக்கொடுத்தான். பட்டன் பேண்ட் பாக்கெட்டுக்குள் குடியேறியது.

"ஏங்க, ஃபேனைத் தொடைக்கணும்."

அமுக்கினான். டிங் டாங்!

"யாருங்க அது?"

"லியோனார்ட்லா. மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகலயாம். தள்ளிவிட்டுட்டு வந்துடறேன்."

"பாவம், போங்க."

பாவம் போனவன் திரும்பியது ஏழு மணிக்கு. அடுத்த சனியும் டிங் டாங். அடுத்த சனியும் மோட்டார் மக்கர். "ஒங்களுக்கு எவ்ளோ நல்ல மனசு!" என்றாள் வாசுகி. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாம் சனி. வாசுகி கூடத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, ஸ்டோர் ரூம்ல..."

அமுக்கினான். சத்தமே இல்லை.

அந்தச் சிப்புக்குச் சொல்லத்தான் தெரியும். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளத் தெரியாது. பேட்டரி வீக்காக இருக்கும் என்று மறுபடி அமுக்கினான். இன்னும் அழுத்தி அமுக்கினான். மொத்தம் எட்டுத் தடவை.

"என்னங்க, பாக்கெட்டுல எறும்பா?"

"இல்லலா... சாவி."

கேட் படாரென்று திறந்தது. லியோனார்டின் மனைவி ஐலீன். கையில் பெயிண்ட் டின், வாயெல்லாம் பல்.

"அலமாக்! நெஜமாவே எட்டா, அண்ணே?"

"என்ன எட்டு?"

வாசுகி நெத்திலியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "துணி தொவைக்கறப்ப ஒங்க பேண்ட்ல ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்குனேன், நம்ம பெல் அடிச்சுது. லியோனார்டுக்கு ஒத்தாசை பண்ண ஒங்களுக்கு இவ்ளோ ஆசையான்னு கண்ணே கலங்கிடுச்சு. அதான் பெல்லைக் கழட்டி ஐலீன் வீட்டுல மாட்டிட்டேன். கிறிஸ்மஸுக்குப் பெயிண்ட் அடிக்கணுமாம். எத்தன தடவ அடிக்குதோ அத்தன ரூம் ஒங்க பொறுப்புன்னு சொல்லி வெச்சேன்."

"லியோனார்ட் எங்க?"

"மாமாக் கடையில, அண்ணே," என்றாள் ஐலீன். "கேரம் போர்டுக்குப் பவுடர் போட்டுட்டு இருக்காரு."

பிறகு கண்ணை மூடித் தன் வீட்டை மனசுக்குள் ஒருமுறை சுற்றி, விரல்விட்டு எண்ணினாள். "ஆனா எங்க வீட்டுல மொத்தமே அஞ்சுதான் இருக்கு."

மூன்று தப்பித்தது என்று சுகுமாறன் பெருமூச்சு விட்டான். ஐலீன் வாசுகி பக்கம் திரும்பினாள்.

"மிச்சம் மூணை சாஆ ஊர்ல எங்கம்மா வீட்டுல அடிக்கச் சொல்லலாமா, அக்கா?"

"தாராளமா. சோறு நான் கட்டிக் குடுத்துடறேன்."