முதுகில் வந்த சீர்

கச்சிராயபாளையம்,
1987.

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் மணிமொழி வணங்கி எழுதுவது. இங்கே உன் மாப்பிள்ளை, பாப்பா, மாடு கன்னு எல்லாரும் சுகம். தம்பி முருகவேலும் சுகம்தான், முதுகைத் தவிர. கடிதம் தாமதம் என்று கோபிக்காதே. இடஒதுக்கீட்டு மறியலில் பஸ்ஸோடு தபாலும் நின்றுவிட்டது.

நீங்கள் வர முடியாவிட்டாலும் தாய்மாமன் வந்துவிட்டானே, பாப்பாவுக்குக் காதுகுத்து நல்லபடியாக நடந்துவிடும் என்றுதான் இருந்தேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து சைக்கிளில், ரோட்டில் மறியலுக்கு மரம் வெட்டிப் போட்டிருந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கினு, சீர் வெள்ளி டம்ளரை இடுப்பில் கட்டிக்கினு வந்தவன், வாசலில் குனிந்து சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டான் பார், அப்புறம் நிமிரவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஏது? என் நாத்தனார் பச்சையம்மாள், "வாய்வுப் பிடிப்பு. டம்ளர் போட்டா ஓடிப்பூடும்" என்று அவனைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டார். வூட்டு டம்ளரெல்லாம் விளிம்பு நசுங்கிக் காற்று புகுந்துவிட்டதாம். அதனால் நம்ம சீர் டம்ளரையே எடுத்து, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே மாவு உருண்டை மேல் திரியைக் கொளுத்திக் கவிழ்த்தார். திரி அணைந்தது, சதை உள்ளே ஏறியது, தம்பி "அய்யோ" என்று நிமிர்ந்தான். நிமிர்ந்தானா, டம்ளர் வரவில்லை! விளக்கெண்ணெய் தடவிய முதுகு, விரல் வழுக்குகிறது, இழுத்தால் கத்துகிறான். "உள்ள காத்தழுத்தம் கம்மி அண்ணி" என்றேன். "ஏன் ஒட்டிக்கிச்சின்னு படிச்சிக்கிற. எடுக்கறதுக்குப் படிக்கலியாடி?"

வெளியே மாமனார், "தாய்மாமன் சீர் தட்டுல வந்தாத்தான் காது குத்தணும், அதான் எங்க வழக்கம்" என்கிறார். ஆசாரி, "நல்ல நேரம் போய்க்கினு இருக்குங்க" என்கிறார். வெறுங்கையோடு வந்தான் உன் தம்பி என்று ஆயுசுக்கும் சொல்வார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தம்பி சட்டையில்லாமல் சபையில் போய்த் திரும்பி நின்றான். "சீர் இதாங்க. பாத்துக்குங்க."

மாமனார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "வெள்ளிதான்" என்றார். "ஆனா தட்டுல இல்லியே?" வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து அவரே தம்பியின் முதுகுக்குக் கீழே பிடித்துக்கொண்டார்! "இப்ப சரி. குத்துப்பா."

தம்பி அப்படியே உட்கார, தட்டோடு மாமனாரும் பின்னால் உட்கார்ந்தார். பாப்பா மாமன் மடியில் எழுந்து, தோளுக்கு மேலே எட்டி டம்ளரையே பார்த்துக்கினு இருந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினது தெரியவேயில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். டப்! நேராகத் தட்டில் விழுந்தது. சபை சிரித்த சிரிப்பில் இரண்டாவது காதும் முடிந்தது. "சீர் வந்திடுச்சிப்பா" என்று மாமனார் அடித்த கூத்தை நீ பார்த்திருக்கணும்.

தம்பி முதுகில் வட்டமாகக் கறுத்திருக்கிறது. போலீஸ் அடி என்று அப்பா பயப்பட வேண்டாம். ஆனால் பிஎஸ்சி படித்தவள் சொல்கிறேன், இது வைத்தியமே இல்லை. நெருப்புக்குப் பயந்துதான் அவன் நிமிர்ந்தான். அங்கே யாரும் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு வணக்கம், தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் என் விசாரிப்பு.

உன் மகள்,
மணிமொழி

பி.கு.: அத்தைக்கு மாப்பிள்ளை அன்புச்செல்வன் வணக்கம். குனிந்தே எழுதினதில் மணிமொழிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. என் அக்கா பக்கத்து வூட்டில் வாங்கிவந்து நாலு டம்ளர் போட்டிருக்கிறாள். "இன்னும் ஒண்ணு போடுங்க அண்ணி" என்று கேட்டுக்கினு குப்புறக் கிடக்கிறாள்.