நாய் பார்த்துக்கொள்ளும்

"நாயோட வலது காதுக்குப் பக்கத்துல ஒரு ஃபைல் இருக்கும் பாருங்க. அதை அந்தப் பூங்காக்காரருக்கு அனுப்பிடுங்க" என்றார் மேனேஜர் மேடம், போனில்.

புது ஆள் மேடத்தின் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். நாய் இருந்தது. காதும் இருந்தது. காதுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மூக்கு, முதுகு, வால் என்று எங்கேயும் ஒன்றும் இல்லை. நேற்று மத்தியானம் வரை அந்த நாயின் மேல் நூற்று நாற்பத்து மூன்று ஃபைல்கள் அப்பிக் கிடந்தன. அத்தனையையும் எடுத்து ஆறு ஃபோல்டருக்குள் அடுக்கி, நாயைக் குளிப்பாட்டி நிறுத்தியதுபோல் ஆக்கியவர் அவரேதான்.

"அனுப்பிடறேன் மேடம்" என்றார். வேறென்ன சொல்வது?

ஊஞ்சல், சறுக்குமரம், சீசா செய்து பூங்காக்களுக்கும் பள்ளிகளுக்கும் விற்கிற கம்பெனி அது. அவர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் மூன்று வாரம் ஆகியும் எல்லோருக்கும் இன்னும் புது ஆள்தான். ஆறு மாதம் முடிகிற அடுத்த திங்கட்கிழமை மேடம் முடிவு சொல்வார். ஒன்று, வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு. வீட்டுக்கு என்றால் சொந்த வீடும் இல்லை. அண்ணன் வீட்டு ஹாலில் மனைவியோடும் மகளோடும் படுத்து எழுந்துகொண்டிருந்தார். அண்ணி நல்லவர்தான். ஆனால் சமீபகாலமாகக் காலையில் ஹாலைப் பெருக்கும்போது விளக்குமாறு வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. இரண்டு அறை கொண்ட ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஒரே ஒரு காகிதம் கேட்டார், வேலை நிரந்தரம் என்று கம்பெனி கொடுக்கும் கடிதம்.

அந்தக் கடிதத்தை எண்ணித்தான் அவர் மேடத்தின் திரையைச் சுத்தம் செய்தார். மேடம் ஒரு வாரம் வெளியூர்க் கண்காட்சிக்குப் போகும்போது, கேட்கிற ஃபைலை எடுத்து அனுப்ப அவரிடம் கம்ப்யூட்டரை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் மனம் குளிர்ந்து போவார் என்று நினைத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஃபைல்கள் விஷயத்தில் அவருக்கு உறுதியான கொள்கைகள் உண்டு. ஃபைலின் பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு தேதி. நடுவில் இடைவெளி கூடாது. திரை என்பது வீட்டு வாசல் மாதிரி, வாசலில் யாராவது பீரோவைக் கவிழ்த்துக் கொட்டுவார்களா என்பது அவர் கட்சி. அடுத்த மேஜை வரைபடக்காரரின் கட்சி வேறு. ஃபைல் எந்தச் சந்தில் கிடந்தால் என்ன, தேடுகிற பெட்டியில் பெயரைத் தட்டினால் தானாக வந்து நிற்கும் என்பார். மேடத்துக்குப் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. அவர் ஃபைல்களின் பெயர்கள் 'புதுசு', 'புதுசு 2', 'இதுதான்', 'இதுதான் சரி', 'இது இல்லை' என்று போகும். எது எங்கே என்பதை அந்த நாய்தான் அவருக்குச் சொல்லும். அவர் வளர்க்கிற பழுப்பு நிற நாய், முகத்தை நம் பக்கம் திருப்பி, வாலைத் தூக்கிக்கொண்டு, திரை முழுக்கப் படமாக நிற்கிறது. நாய்க்கு வேலையும் இல்லை நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இந்த நாய்க்கு நிற்பதே வேலை.

இரண்டாம் மாதம் ஒருமுறை மேடத்தின் பேனாக்களை நிறவாரியாக அடுக்கி வைத்தவரும் இவர்தான். மேடம் இரண்டு நாள் தன் பேனாவைத் தேடினார். யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

இப்போது காதுக்குப் பக்கத்து ஃபைல் எது? பூங்காக்காரருக்கு என்றால் கடிதங்கள் ஃபோல்டரில் இருக்கும் என்று யூகித்து, 'இதுதான் சரி' என்பதை அனுப்பிவிட்டார். அரை மணியில் பூங்காக்காரர் கூப்பிட்டார்.

"வாங்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்கற கம்பெனியை நான் இப்பதான் பாக்கறேன்" என்றார்.

போனது வேறொரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதம். எங்கள் சறுக்குமரத்தில் குழந்தைகள் பாதியிலேயே நின்றுவிடுவதற்கு வருந்துகிறோம் என்று அதில் இருந்தது. புது ஆள் அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டு, பதினொரு ஃபைல்களைத் திறந்து பார்த்து, சரியான ஊஞ்சல் வரைபடத்தைக் கண்டுபிடித்து அனுப்பினார். இத்தோடு போயிற்று என்று மூச்சு விட்டார்.

புதன்கிழமை மேடம் மறுபடி கூப்பிட்டார். நேற்று வந்த படம் சரியாக இருந்ததாம். பூங்காக்காரர் சிரித்துக்கொண்டே பேசினாராம், ஏன் என்றுதான் புரியவில்லையாம். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல் ஒன்றைச் சொன்னார்.

"அந்த ஸ்க்ரீன்ல எதையும் நகத்திடாதீங்க. ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கறதெல்லாம் சரின்னு நான் முடிவு பண்ணினது. வாலுக்குக் கீழ இருக்கறதெல்லாம் வேண்டாம்னு முடிவு பண்ணினது. திங்கக்கிழமை வந்து அப்படியே கையெழுத்துப் போட்டுடுவேன்."

"எது எதுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா மேடம்?"

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? எடத்தைப் பாத்தாதான் தெரியும். மத்ததை நாய் பாத்துக்கும்."

மேடம், ஒரு விஷயம் என்று புது ஆள் ஆரம்பித்தார். வந்து பேசிக்கலாம் என்று மேடம் வைத்துவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவர் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த நூற்று நாற்பத்து மூன்றில் ஒரு ஃபைலின் பெயர் 'புது ஆள்'.

திறந்து பார்த்தார். அவர் பெயர், சேர்ந்த தேதி, கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'நிரந்தரம்', மற்றதில் 'வேண்டாம்'. இரண்டிலும் குறி இல்லை. முடிவு ஃபைலுக்குள் இல்லை. அது நாயின் மேல் எங்கேயோ இருந்திருக்கிறது. ஐம்பது ஐம்பதாக வளைத்து இழுத்தபோது அதையும் சேர்த்து இழுத்திருக்கிறார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட வரைபடக்காரர் பதறவில்லை. "கன்ட்ரோல் இசட் அடிப்பா. செஞ்சதையெல்லாம் அதுவே திருப்பிக்கும்" என்றார்.

அடித்தார். ஃபைல்கள் வெளியே வந்தன. ஆனால் பழைய இடத்துக்குப் போகாமல் இடது ஓரத்தில், டிக்கெட் வாங்க வந்தவை போல வரிசை கட்டி நின்றன. பரவாயில்லை, எல்லாம் வெளியே வரட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தார். பாதி வந்திருக்கும், திரை கறுத்தது. அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்றது. வந்த அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு கொள்கை. மேடம் எட்டு மாதமாக 'பிறகு' என்று அழுத்தி வந்ததை அவர்தான் திங்கட்கிழமை மாற்றி, எல்லாம் தானாக நடக்கட்டும் என்று வைத்திருந்தார். தானாகவே நடந்தது. கம்ப்யூட்டர் மறுபடி கண் விழித்தபோது அதற்குப் பழைய ஞாபகம் எதுவும் இல்லை. மீதியைக் கையால்தான் வெளியே இழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை வரைபடக்காரருக்கு வேறொரு யோசனை வந்தது. போன மாதம் தன் பிறந்தநாளுக்கு மேடத்தின் மேஜையில் வைத்துத்தான் கேக் வெட்டினார்கள். அந்தப் போட்டோவில் பின்னால் திரை தெரியுமே. தெரிந்தது. நாயின் நான்கு கால்களும் தெளிவாகத் தெரிந்தன. காதிலிருந்து வால் வரைக்கும் வரைபடக்காரரின் தலை மறைத்தது.

"அன்னிக்குக் கொஞ்சம் முடி வெட்டிட்டு வந்திருக்கலாம்" என்று அவரே ஒத்துக்கொண்டார்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஹாலில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து மெதுவாகப் பேச வேண்டியிருந்தது.

"இதுக்கு ஏங்க இவ்வளவு யோசனை? கொண்டுபோய் ரெண்டு காதுக்கும் நடுவுல வைங்க" என்றாள் மனைவி.

"அது எங்க இருந்துச்சுன்னு தெரியலயே."

"தெரியலதானே? அப்ப எங்க வச்சா என்ன?"

அவர் தலையாட்டினார், முடியாது என்கிற மாதிரி. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைப்பேன், என்னுடையதையும் இருந்த இடத்தில்தான் வைப்பேன், வாலுக்குக் கீழே இருந்திருந்தால் வாலுக்குக் கீழே என்றார். இந்த மனுஷனை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று மனைவிக்குத் தெரியவில்லை. "அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி அளவெடுத்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே ஆபீசுக்குப் போனார். துப்புரவு அக்கா மேஜை மேஜையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். புது ஆள் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லா மேஜைக்கும் அடியில் தொங்கிய வயர்களைச் சுருட்டிக் கட்டி மேலே மாட்டிவிட்டவர். அந்த வேலையை ஆபீஸ் முழுக்கக் கேலி செய்தது. துடைப்பம் மாட்டி மாட்டி இழுத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும், பதினோரு வருஷமா இதைச் செய்ய ஒருத்தருக்கும் தோணலயே தம்பி என்றிருந்தார்.

அக்கா ஈரத்துணியோடு மேடத்தின் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, எல்லாம் ஓரமாப் போய் நிக்குது? 'இதுதான்' மூக்கு நுனியிலல்ல இருக்கும்?"

புது ஆள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்கா, எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தினமும் துடைக்கறேன். துடைக்கும்போது கண்ணை மூடிக்கவா முடியும்?"

அடுத்த ஒரு மணி நேரம் அக்கா சொல்லச் சொல்ல அவர் இழுத்து வைத்தார். ஃபைல்களின் பெயர்களையெல்லாம் நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். ஒழுங்கானவர் அல்லவா? அதனால் ஒன்றுகூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது சுலபமாக இருந்தது. 'புதுசு' இடது முன்னங்கால். 'புதுசு 2' அதற்குப் பின்னால், கொஞ்சம் சாய்ந்தாற்போல். 'இது இல்லை' தொப்புளுக்குக் கிட்ட. அக்கா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. போட்டோவில் தெரிந்த கால்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றுகூடப் பிசகவில்லை. நாய் பழையபடி மூச்சுத் திணறி நின்றது.

கடைசியாக ஒன்றே ஒன்று மிச்சம். அவர் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார்.

"அக்கா, இந்த 'புது ஆள்' எங்க இருந்துச்சு? உள்ளது உள்ளபடி சொல்லுங்க. வாலுக்குக் கீழன்னாலும் பரவாயில்ல."

அக்கா துணியை வாளியில் முக்கினார். பிழிந்தார். இன்னொரு தரம் பிழிந்தார். புது ஆளுக்கு அந்த நேரம் ஒரு வருஷமாகத் தெரிந்தது.

"ரெண்டு காதுக்கும் நடுவுல" என்றார் அக்கா.

அவர் ஃபைலை அங்கே கொண்டுபோய் வைத்தார்.

திங்கட்கிழமை மேடம் வந்தார். பையை வைத்தார், நாயைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. நிம்மதியாக உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். வாலுக்குக் கீழே இருந்த ஏழு பேருக்கு வேண்டாம் என்று பதில் போயிற்று. காதுகளுக்கு நடுவே இருந்தவற்றுக்கு வரிசையாகக் கையெழுத்து விழுந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் மேடத்தின் கை நின்றது.

"இதை நானா இங்க வச்சேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வச்சிருக்கேன்னா ஏதாவது காரணம் இருக்கும்."

கடிதத்தைக் கொடுக்கும்போது புது ஆளின் கையைக் குலுக்கினார். "உண்மையைச் சொல்றேன், அடுத்தவங்க சாமானைத் தொடற பழக்கம் உங்களுக்கு இருக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஒரு வாரம் கம்ப்யூட்டரையே கொடுத்துட்டுப் போனேன், ஒரு துரும்பு நகரல. சந்தோஷம்" என்றார்.

அவர் நன்றி சொன்னார். மனைவிக்குப் போன் செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து, திரைத்துணிக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று ஒரு கேள்வி வந்தது. மாலையில் எல்லோரும் போன பிறகு அவர் துப்புரவு அக்காவைத் தேடிப் போனார். அக்கா வரைபடக்காரரின் மேஜைக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வயரிலும் துடைப்பம் மாட்டவில்லை.

"கிடைச்சிருச்சுக்கா. நீங்க சரியா ஞாபகம் வச்சிருந்ததாலதான். உள்ள இடத்துல வச்சேன், உள்ளது நடந்துச்சு. மனசுக்கு ஒரு உறுத்தலும் இல்ல" என்றார்.

அக்கா நிமிராமல் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வாலுக்குக் கீழதான் இருந்துச்சு தம்பி. நான் துடைக்கும்போது கொஞ்சம் மேல நகந்துருச்சு."