தங்க நிற ரீலும் கழிவில்லாத மீனும்

கீழ்ப்பிரிவு லயம்,
அரநாயக்க.

கட்டார் தேசத்தில் ஏசி மெஷின்களைப் பழுதுபார்த்து அந்தப் பாலைவனத்தையே குளிர வைத்துக்கொண்டிருக்கும் என் அருமை மருமகன் பிரதீபனுக்கு, உன் தாய்மாமன் நல்லையா ஆயிரம் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை புஷ்பமும் சுகம். எங்கள் கால்களை நம்பி வாழும் அட்டைகளும் சுகம். உன் சுகத்துக்கு முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொன்னால் அவர் தட்டமாட்டார்.

போனில் வாய்ஸ் மெசேஜ் போடாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். வாய்ஸ் மெசேஜ் போட்டால் உன் அத்தை நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மேலும் நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியார்மாரிடம் சரக்கு இருக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் துஷ்யந்தி டீச்சரும் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து ஒருவரையொருவர் விரும்புவது தேயிலைத் தோட்டத்து நாய்களுக்கும் தெரியும். அவளுடைய அப்பா, நமது பெரிய கிளாக்கர் சிவம் ஐயாவுக்குத் தெரிந்தே மூன்று வருஷமாகிறது. மூன்று வருஷமாக மனிதர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், நீ தொழிலாளர் லயத்துப் பையன். யோசிக்க நிறைய இருக்கும், பாவம். அக்கா உயிரோடு இல்லாத குறைக்கு உனக்குப் பெண் கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நீ என்ன சொன்னாய்? "மாமா, அவருக்கு மீன் பிடிக்கிறதுன்னா உசுரு. தூண்டில்ல நூல் சுத்துற பழைய ரீல் போயிருச்சாம். நல்லா உழைக்கிற, விலைக்குத் தகுந்த ரீல் ஒண்ணு பாத்து வாங்கிக் குடுங்க. மீன் விஷயம் உங்களுக்குத்தானே அத்துப்படி" என்றாய். தலைப்பிரட்டையைக் கண்டு பயந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இவ்வளவு அறிவு வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். நான் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஐம்பது வருஷமாக மீன் சாப்பிடுகிறேன். அனுபவம் என்பது வேறென்ன?

வரக்காப்பொலையில் ஜஸீலின் கடைக்குப் போனேன். ஜஸீல் நல்ல பையன்தான், வியாபாரம்தான் தெரியாது. போன உடனே ஒரு கறுப்பு ரீலை எடுத்து மேசையில் வைத்தான். பார்க்கச் சட்டிக்கரி மாதிரி இருந்தது. "அண்ணே, இதக் கொண்டு போங்க. உள்ளுக்குப் பல்சக்கரம் பித்தளை. இலேசாச் சுத்துறதுக்குப் பெயாரிங் அஞ்சுதான், ஆனா அஞ்சும் நல்ல அஞ்சு. மீன் இழுத்தா இந்தத் திருகு நூலை அளவா விட்டுக் குடுக்கும், அறாது. பத்து வருஷம் உழைக்கும்" என்றான். விற்கிறவன் எதை நல்லது என்கிறானோ அதைத் தொடவே கூடாது என்பது என் கொள்கையாகையால் நான் அலமாரியின் மேல் தட்டைப் பார்த்தேன். அங்கே இருந்தது மருமகனே, ஒரு ரீல்! தகதகவென்று தங்க நிறம். பெட்டியில் பதினான்கு பெயாரிங் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஐந்து பெரிதா, பதினான்கு பெரிதா? இதற்கு ஏழாம் வகுப்பு கூடத் தேவையில்லை. "பெட்டியில நம்பர் எழுதறதுக்கு ஆருக்கும் கை வலிக்கிறதில்லண்ணே" என்று ஜஸீல் முனகினான். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். கண்டி ரோட்டில் போன பஸ்ஸின் ஹோர்னுக்கும் மேலே கிர்ர்ர்ரென்று கேட்டது. கறுப்பு ரீலோ ஊமை. சுற்றுகிறோமா இல்லையா என்றே தெரியாது. தங்க ரீலின் திருகை எவ்வளவு திருகினாலும் நூல் ஒரு அங்குலம் நகரவில்லை. "பாத்தியா, விட்டே குடுக்காது!" என்றேன். "அதுதாண்ணே அதுல உள்ள கோளாறு" என்றான். விட்டுக்கொடுக்காமல் இருப்பது கோளாறு என்று சொல்கிற காலமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, தங்க ரீலோடு ஒரு தொப்பியும் ஒரு டோர்ச் லைட்டும் இலவசம். விலைக்குத் தகுந்தது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கறுப்போடு ஒரு பை கூடத் தருவதாயில்லை. "அது பிள்ளைங்க வெளையாடக் கொண்டாந்தது, நல்லையாண்ணே" என்று கடைசி வரை மன்றாடினான். தனக்கென்று ஒளித்து வைத்திருந்தான்போல. விடுவேனா?

தொப்பியைப் போட்டுக்கொண்டு பங்களாப் பக்கம் போய்ச் சிவம் ஐயாவிடம் ரீலைக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தவர், "உதென்ன நல்லையா, மீனுக்குக் கலியாணமோ?" என்று கேட்டார். கல்யாணம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கவனி. நான் விட்ட முதல் அம்பே பட்டுவிட்டது.

கொழுந்து மலிந்த மாதமாகையால் போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறும் பெண்களுக்கு வேலை. உன் அத்தை ஆற்றங்கரை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே மா ஓயாவில் சிவம் ஐயா புது ரீலோடு நின்றார். ஆலோசகன் என்ற முறையில் நானும் பக்கத்தில் நின்றேன். ஒன்பது மணியிருக்கும், தூண்டிலை ஒன்று இழுத்தது. சாதாரண இழுவை அல்ல. தோட்டத்து லொறியைக் கட்டி இழுத்தது மாதிரி. ரீல் கிர்ர்ர் என்றது, கிரீச் என்றது, பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டது. சுற்றவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மீன் அந்தப் பக்கம் போக, ரீல் விட்டுக்கொடுக்காமல் நிற்க, நடுவில் இருந்த சிவம் ஐயாதான் விட்டுக்கொடுத்துச் செருப்போடு சறுக்கித் தண்ணீருக்குள் போனார். "ஐயோ நல்லையா, பிடியும்! என்னையில்லை, மீனைப் பிடியும்!" என்று கத்தினார். நான் பாய்ந்தேன். அந்தச் சுழியில் ஏழு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீனோடு கட்டிப் புரண்டேன். தண்ணீர் முழங்காலளவு என்று உன் அத்தை சொல்வாள், அவள் நின்றது மேட்டில், மேட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் முழங்காலளவாகத்தான் தெரியும். அவள் வீசியெறிந்த கொழுந்துச் சாக்கில் மீனை அமுக்கிக் கரையேற்றினேன். விரால்! சிங்களவர் லூலா என்பார்களே, அதேதான். சிவம் ஐயா இடுப்பில் நனைந்த சாரத்தோடு சாக்கைக் கட்டிப்பிடித்து, "அஞ்சு கிலோ வரும்" என்றார். நான் எட்டு என்றேன்.

நிறுக்கத் தராசு வேண்டுமே. தோட்டத்தில் தராசு இருப்பது கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில். அவர் மீனோடு அங்கே போன நேரம், நிறுவைக்கு அறுபது பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்கிறார்கள். உனக்கு ஞாபகமிருக்கும், கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நின்று சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு கிலோ என்று கழிப்பவர் யார்? முப்பது வருஷமாக நமது சிவம் ஐயாதான். வெயில் கொளுத்தினாலும் தண்ணீருக்குக் கழிப்பார். கொழுந்துக்கு வியர்க்கும் என்று நினைக்கிறாரோ என்னவோ. சாக்கோடு மீனைத் தராசில் மாட்டினார். ஒன்று தசம் ஒன்பது. தராசைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் ஒன்று தசம் ஒன்பதுதான். மீன்கள் கரைக்கு வந்ததும் கவலையில் மெலிந்துவிடும் என்று நான் விளக்கினேன்.

அப்போது உன் அத்தை வாயைத் திறந்தாள். "ஐயா, சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கலியே?"

"என்ன புஷ்பம்?"

"சாக்கு நம்ம கொழுந்துச் சாக்குதானுங்க. தண்ணிக்கும் ஒரு கிலோ இருக்கு. நேத்து மழையே இல்லாம என் கொழுந்துல தண்ணிக்குக் கழிச்சீங்க. இது பொறந்ததிலேருந்து ஆத்துலயே கெடந்த சாமான்."

"அது கொழுந்து, இது மீன். ரெண்டும் ஒண்டோ?"

"தராசு ஒண்ணுதானுங்களே ஐயா."

வரிசையில் நின்ற ஒருத்தி விரல்விட்டு எண்ணி, "அப்ப மைனஸ் நூறு கிராம்! நாமதான் ஆத்துக்கு நூறு கிராம் மீன் குடுக்கணும்டி!" என்றாள். மடுவத்துத் தகரக் கூரை பறந்துவிடுமோ என்று பயப்படும்படி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கண்முன்னே உன் கல்யாணப் பந்தல் சரிந்துகொண்டிருந்தது. மூன்று வருஷம் பொறுத்து, ஒரு ரீல் தேடி, ஏழு நிமிஷம் மூச்சடக்கி நான் கட்டியதை ஒரு வாயால் உடைத்துவிட்டாளே என்று அவளை முறைத்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவம் ஐயாவின் முகம் விராலைவிடக் கறுத்துவிட்டது.

படம் எடுக்க வந்திருந்த துஷ்யந்தி போனைப் பிடித்தபடி அமைதியாகக் கேட்டாள். "அப்பா, உங்கட மீன்பிடிக் குரூப்பில போட வேணும். எத்தினை கிலோ எண்டு எழுத?"

மனிதர் மீனைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். அறுபது சாக்கையும் பார்த்தார். அந்தக் குரூப்பில் உள்ள ஓய்வுபெற்ற கிளாக்கர்மாரும் வாத்தியார்மாரும் இவருடைய தவளைக்குஞ்சு மீன்களைப் பார்த்து எத்தனை வருஷமாகச் சிரித்திருப்பார்கள்! கடைசியில் தொண்டையைச் செருமி, "ஒண்டு தசம் ஒன்பது எண்டு எழுது. இண்டைக்குக் கழிவில்லை. மீனுக்கும் இல்லை, கொழுந்துக்கும் இல்லை" என்றார்.

"இன்னைக்கு மட்டுமா ஐயா?" உன் அத்தைதான், வேறு யார்?

"இண்டைக்கு மட்டும்."

"அப்ப நாளைக்கு மீன் சின்னதாயிருமா ஐயா?"

அவ்வளவுதான் மருமகனே. அன்றிலிருந்து கழிவு கிடையாது. என்றைக்குக் கழிக்கிறாரோ அன்றைக்கு அந்த மீன் மைனஸாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பெண்கள் அந்த விராலின் படத்தைப் போனில் வைத்துக் கும்பிடாத குறை. இதையெல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டுத்தான் நான் அந்த ரீலைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டோடு போனோம். சிவம் ஐயா உன் அத்தைக்குக் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். எனக்குப் போடவில்லை, நான் வீட்டு மனிதன் என்று நினைத்திருப்பார். "பெடியன் வரட்டும். என்னோட ஒருநாள் ஆத்தடிக்கு வரட்டும், பிறகு நாள் பாப்பம்" என்றார். உடனே நான், கட்டார்க் கடலில் நீ பிடிக்கும் மீன்களின் வாலைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே நீ வருவதற்குள் மீன் பிடிக்கக் கற்றுக்கொள். தலைப்பிரட்டையிலிருந்து தொடங்கு. அவரிடம் உள்ளது போலவே பதினான்கு பெயாரிங் ரீலாகப் பார்த்து வாங்கு. தங்க நிறம், பெரிய சத்தம், விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்த மூன்றையும் பார்த்து வாங்கினவன் கெட்டதில்லை.

முருகன் உன் கையில் மீனையும் கழுத்தில் மாலையையும் சீக்கிரம் போடட்டும். அத்தை உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். அட்டைகளும் கேட்டதாகச் சொல்லச் சொன்னன.

இப்படிக்கு,
உன் கல்யாணத்தைத் தனியாளாக நின்று முடித்துவைக்கும்
தாய்மாமன் நல்லையா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஜஸீல் எனக்குப் போன் போட்டான். "நல்லையாண்ணே, ஒங்க கிளாக்கையா போன செவ்வாக்கெழம வந்து அந்தக் கறுப்பு ரீலை வாங்கிட்டுப் போனாரு. தங்கக் கலர் பெயின்ட் எங்க கெடைக்கும்னும் கேட்டாரு. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாரு" என்றான். பள்ளிக்கூடத்தடியில் துஷ்யந்தியைப் பிடித்து விசாரித்தேன். தங்க ரீலின் கைப்பிடி மீன் பிடித்த மறுநாளே கழன்று கையோடு வந்துவிட்டதாம். உள்ளே பதினான்கில் இரண்டுதான் இருந்ததாம். அப்படியானால் வெள்ளிக்கிழமை கதிரை கிடைக்காததன் காரணமும் விளங்குகிறது. ஆகவே ரீல் வாங்குவது பற்றி மேலே நான் எழுதியதையெல்லாம் தலைகீழாக வாசித்துக்கொள். கறுப்பாக, சத்தமில்லாமல், விட்டுக்கொடுப்பதாகப் பார். "அப்பா கோவமா இருக்கிறாராம்மா?" என்று கேட்டேன். "தங்க ரீலோட எடுத்த படத்தைக் குரூப்பில போட்டிட்டார், இனி என்ன செய்யிறது? அறைக்குள்ள இருந்து பெயின்ட் அடிக்கிறார்" என்றாள். பிறகு இரண்டடி போய்த் திரும்பி, இவ்வளவு நாளும் அங்கிள் என்று கூப்பிட்ட பிள்ளை சொன்னது: "உங்களுக்குத் தெரியுமெண்டு அப்பாவுக்குக் காட்டிக்கொள்ளாதேங்கோ, மாமா."