சம்பத்துக்கு விரித்த பாய்

மணி பத்தே முக்கால். சம்பத்தைக் காணோம். கார் ஷெட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. பட்டாபிராமன் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் குடையுமாக அவற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, இரும்புலியூரில் தன்னைவிடப் பெரிய ஏமாளி எவனாவது இருப்பானா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சாவித்ரி செய்த வேலை. வீட்டு வேலைக்கு வரும் காந்தா, மகள் வெண்ணிலாவுக்கு வலி எடுத்துவிட்டது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சாயங்காலம் குட்டிகளோடு வந்து நின்றாள். "அதுக்கென்ன, ஒரு ராத்திரிதானே? சார் பார்த்துப்பார்" என்று சாவித்ரி வாக்குக் கொடுத்துவிட்டாள். சார் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் காந்தா மூக்கைச் சிந்தினாள். "தாயாடு பூட்ச்சி சார். மூணு குட்டி இருந்துச்சு. போன வாரம் ராத்திரி ஒண்ண நாயிங்க இஸ்துகினு பூட்ச்சி. அன்னிக்கின்னு பாத்து சம்பத்து இல்ல. இந்த ரெண்டுதான் சார் மிச்சம்."

"சரி சரி, அழாத."

"நீ ஒண்ணும் பண்ண வாணாம் சார். கொஞ்ச நேரத்துல சம்பத்து வந்துடுவான். குட்டிங்ககூடவே படுத்துக்குவான். கேட்ட மட்டும் தொறந்து வுட்டுடு."

"அவருக்குச் சாப்பாடு?" என்றாள் சாவித்ரி.

"மீந்த சோறு எதுனா வையிக்கா. இன்னா வச்சாலும் துன்னுவான்."

அவள் கண்ணீரைப் பார்த்துப் பட்டாபிராமனுக்கும் மனசு இளகிவிட்டது. "ஒரு கீறல் விழாம உன் கையில திருப்பிக் கொடுக்கறேன், போய்ட்டு வா" என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லி வைத்தார். அந்த வாயைத்தான் இப்போது நொந்துகொண்டிருந்தார்.

காவலுக்கு வருகிறவனுக்கு மீந்த சோறா போடுவது என்று சாவித்ரி புதிதாக ரவா உப்புமா கிளறித் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். ஷெட்டில் பாய், தலையணை, கொசுவத்தி எல்லாம் தயார். ஆள்தான் இல்லை.

அதற்குப் பதிலாகத் திறந்திருந்த கேட் வழியாக ஒரு செவலை நாய் உள்ளே வந்தது. ஏதோ மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நேரே குட்டிகளை நோக்கி நடந்தது. பட்டாபிராமன் டார்ச்சை அதன் மேல் அடித்தார். போன வாரம் குட்டியைத் தின்று ருசி கண்ட நாயே இதுதான் என்று முடிவு கட்டினார். குரோம்பேட்டையில் வாங்கி நாலு நாள்கூட ஆகாத செருப்பைக் கழற்றி வீசினார். அது நாயின் புருவத்தில் போய் விழுந்தது. நாய் 'வாள்' என்று கத்திவிட்டு, செருப்பைக் கவ்விக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டது.

கேட்டைப் பூட்டினார். பூட்டிய பிறகுதான் உறைத்தது. பூட்டியிருந்தால் சம்பத் வர முடியாது. திறந்து வைத்தால் நாய் வந்துவிடும். காந்தாவுக்குப் போன் போட்டார்.

"சம்பத் வரலையேம்மா!"

"வராம எங்க சார் பூடுவான்? அந்தத் தெருவுலதான் எங்கனா இருப்பான். பேரச் சொல்லி ரெண்டு கொரல் குடு, ஓடியாந்துடுவான்."

பின்னால் நர்ஸ் யாரோ அதட்ட, போன் கட்டாகிவிட்டது.

பட்டாபிராமன் கேட்டைத் திறந்துகொண்டு ஒற்றைச் செருப்போடு நடுத்தெருவில் போய் நின்றார். "சம்பத்! மிஸ்டர் சம்பத்!"

எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. போன வாரம் குடிவந்தவர் லுங்கியோடு எட்டிப் பார்த்தார். "நான்தான் சம்பத். என்ன சார் விஷயம்?"

பட்டாபிராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீங்கதானா! எதிர் வீட்டுல இருந்துகிட்டு இவ்வளவு லேட் பண்ணலாமா? ராத்திரி குட்டிங்களோட படுத்துக்க நீங்க வருவீங்கன்னு காந்தா சொன்னாங்களே!"

லுங்கிக்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "யாருங்க அது காந்தா? எந்தக் குட்டி?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அஞ்சலி!"

"ரெண்டு குட்டி மேடம்," என்று பட்டாபிராமன் பொறுமையாக விளக்கப் பார்த்தார். "பாய், தலையணை எல்லாம் போட்டு ரெடியா வச்சிருக்கோம்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்து ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நாய் மறுபடி உள்ளே வந்துவிட்டிருந்தது. உப்புமாத் தட்டு காலி. சம்பத்துக்காக விரித்த பாயில் நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது. குட்டிகள் பயத்தில் சத்தமே வராமல் அதன் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தன. இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் காந்தாவுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது?

குடையால் விளாசினார். குடைக் கம்பி இரண்டு வளைந்தது. நாய் வெளியே ஓட, குட்டிகள் வீட்டுக்குள் ஓடின.

"என்னங்க, என் பட்டுப்புடவை!" என்று சாவித்ரி படுக்கையறையிலிருந்து அலறினாள். காலையில் கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள எடுத்து வைத்திருந்த புடவையின் முந்தானை ஒரு குட்டியின் வாயில் இருந்தது. மற்றது தலையணையில் ஈரம் பண்ணிக்கொண்டிருந்தது.

"பாத்ரூம்ல போட்டு அடைங்க!"

அடைத்தார். அங்கே கத்தல் இரட்டிப்பாக எதிரொலித்தது. மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். மறுபடி ஷெட்டுக்கே கொண்டுவந்து, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, கடைசியில் சம்பத்தின் பாயில் பட்டாபிராமனே படுத்தார். குட்டிகள் அவர் வயிற்றின் மேல் ஏறி நின்றுகொண்டு கேட்டைப் பார்த்துக் கத்தின. வெளியே நாய் முனகியது. உள்ளே குட்டிகள் பதில் கொடுத்தன. இந்தக் கச்சேரி விடியும்வரை நடந்தது.

ஆறு மணிக்குக் காந்தா வந்தாள். "பேத்தி பொறந்துட்டா சார்!" என்று சிரித்தவள், குட்டிகள் இரண்டும் நின்றதைப் பார்த்ததும் வாரி எடுத்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

அதைப் பார்க்கப் பட்டாபிராமனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி முழுக்க அடக்கி வைத்த ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒரு கீறல் இல்ல, பார்த்துக்கோ! எல்லாம் நான் ஒருத்தன் முழிச்சிருந்து காப்பாத்தினது. ஆனா உன் சம்பத் இருக்கானே, அவனை மாதிரி பொறுப்பில்லாத ஆளை நான் பார்த்ததே இல்ல. அவன் மட்டும் என் கண்ணுல பட்டான்னா, செருப்பாலயே அடிப்பேன்!"

காந்தா அவரைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்போடு நின்ற அவர் காலைப் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு வெளியே, வீங்கிய புருவத்தோடு படுத்திருந்த செவலையைப் பார்த்தாள்.

"அதான் அட்ச்சிட்டியே சார்," என்றவள், கேட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள். "சம்பத்து, சாரு செருப்ப குட்த்துட்டு உள்ள வாடா!"