வெற்றிலைத் தட்டை உதைத்த கால்

ஐந்தாம் வகுப்பு முடிந்ததுமே கொழுந்துக் கூடை என் முதுகில் ஏறிவிட்டது. அதனால் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் சந்தேகப்படுவதற்கு ஐந்தாம் வகுப்பு தாராளம். (மூன்றே போதும்.)

தொண்ணூறுகளில் ஒரு நாள், அப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஏதோ பூச்சி பட்டு உடம்பெல்லாம் தடித்துப் போனது. டிஸ்பென்சரியில் ஐந்து நாளைக்குக் குளிசை கொடுத்தார்கள். அரிப்பு மூன்று நாளில் போய்விட்டது. ஆனால் அதைப் போட்டால் வருகிற தூக்கம் இருக்கிறதே, விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடும் சங்குகூடக் காதில் விழாது. விடுவேனா? மருந்து எழுதித் தந்த அந்தப் பழைய துண்டையே டவுன் மருந்துக் கடையில் காட்டிக் காட்டி, யாரிடமும் சொல்லாமல் நாலு வருடம் ஓட்டினேன்.

இரண்டாம் வருடத்தில் கால் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்து உட்கார்ந்தால் போதும், முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் அட்டை ஊர்கிற மாதிரி இருக்கும். உதறினால், எழுந்து நடந்தால் நிற்கும். உட்கார்ந்தால் மறுபடி ஊரும். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது அட்டைக்குத் தேய்க்கிற சவர்க்காரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். (வெளியே ஊர்கிற அட்டைக்குச் சரி. உள்ளே ஊர்வதற்கு?) கால் ஊர்ச்சல் கூடக் கூட, தூங்கினால் அடங்கும் என்று குளிசையையும் கூட்டினேன்.

குளிசைமேல் சந்தேகமே வரவில்லை. பக்கத்து வீட்டு ராசம்மாமேல்தான் வந்தது. லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். என் தலையைக் கண்டால் லீக்ஸ் பாத்தியில் எதையோ அவசரமாக மண் போட்டு மூடுவாள். பின்னேரத்தில் கேட்காமலே ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பாள். கேட்காமல் கொடுப்பாளா ஒருத்தி? என் மகள் செல்விக்குக் கல்யாணம் கூடிவரக் கூடாது என்றுதான் என் காலுக்கு ஏதோ சூனியம் வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். வாய் திறந்து கேட்க வெட்கம். தேத்தண்ணியைக் கொண்டுபோய் மிளகாய்ச் செடிக்கு ஊற்றினேன். செடி கொழுகொழுவென்று வளர்ந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அப்படியிருக்க, கொஸ்லந்தவிலிருந்து செல்விக்கு நல்ல இடம் வந்தது. இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாக வந்தது. சனிக்கிழமை பின்னேரம் தட்டு வைத்துப் பேச வருகிறார்கள். பின்னேரம் என்றால் என் கால் சும்மா இருக்காதே! இன்றைக்கு ஒரு நாள் அடங்கிக் கிடக்கட்டும் என்று, அவர்கள் வருவதற்கு முன்னால் இரண்டு குளிசையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய கெட்டிக்காரத்தனம் அதுதான்.

பாயில் எல்லோரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டை நடுவில் வைத்தார். எனக்குக் கண் சொக்குகிறது. காலிலோ முன்னெப்போதும் இல்லாத ஊர்ச்சல். அதை மற்றக் காலால் அமுக்கினேன். அதுவும் ஆரம்பித்தது. புடவைக்குள் இரண்டு கோழியைக் கட்டி வைத்ததுபோல இருந்தது. "அப்ப உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். வாய் திறக்குமுன் கால் பதில் சொல்லிவிட்டது. தட்டு பறந்து, தேங்காய் உருண்டு மாப்பிள்ளையின் முழங்காலில் முட்டி நின்றது.

செல்வி அடுப்பு எரிகிற குசினியின் கதவைப் பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாமே" என்றார்.

சத்தம் கேட்டு ஓடிவந்தது ராசம்மா. வந்துவிட்டாள், வேடிக்கை பார்க்க, என்று நான் நினைத்தேன். அவள் குனிந்து வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "வேணும்னு ஒதைக்கலைங்க. ரெண்டு வருசமா எங்க செவுத்தையும் இப்படித்தான் ஒதைக்குது. எம்மேல உள்ள கோவம்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, அக்காவுக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அம்மாவுக்கு வரவில்லை. எனக்கு வலிப்பாக இருக்குமோ என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். (எனக்குப் பொருத்தமான சம்பந்திதான்.) டொக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ராசம்மாதான் என்னைப் பதுளைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். லீக்ஸ் பாத்தியில் என்ன புதைத்தாய் என்று வழியில் ஒரு வழியாகக் கேட்டுவிட்டேன். மந்திரித்த எலுமிச்சம்பழமாம். சுவரை உதைத்து உதைத்து நான் அவளுக்கு ஏதோ செய்கிறேன் என்று பயந்திருக்கிறாள். தேத்தண்ணி என்னைச் சாந்தப்படுத்தவாம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என் குளிசை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிப்பு இல்லை அம்மா. நித்திரைக்கெண்டு நீங்கள் குடிக்கிற இந்தக் குளிசைதான் கால் ஊருறதை இன்னும் கூட்டுது. எத்தினை வருசம்?" என்றார். நாலு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, இரண்டு என்றேன். ராசம்மா நாலு விரலைக் காட்டினாள். (சுவருக்கு இந்தப் பக்கம் எதுவும் ரகசியம் இல்லை.) இரத்தம் சோதித்து, இரும்புச்சத்தும் குறைவு என்று அதற்கு வேறு குளிசை தந்தார். குளிசையால் வந்ததற்குக் குளிசையா என்று அவரையும் சந்தேகப்பட்டேன். ஆனாலும் அவர் சொன்னபடி பழையதை நிறுத்தி, புதியதைப் போட்டேன். இரண்டு மாதத்தில் கால் பாதிக்குமேல் அடங்கியது.

தட்டு மறுபடி வந்தது. இப்போது செல்விக்கு இரண்டு பிள்ளைகள். எந்த விசேஷத்திலும் சம்பந்தி அம்மா தட்டைப் பாயில் வைக்க மாட்டார். "மேசையில வைங்க, சம்பந்தி கால நீட்டட்டும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

மிளகாய்ச் செடி விஷயத்தை மட்டும் ராசம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. ஆனால் போன வாரம் தேத்தண்ணி கொண்டுவந்தவள், இரண்டு கோப்பையாகக் கொண்டுவந்தாள். "ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு செடிக்கு" என்றாள்.