சட்டைப் பையில் பியூஸ் கட்டை

அரசு ஊழியர்களில் சக ஊழியர்களின் சாபத்தை அதிகம் வாங்கியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், தேர்தல் வேலை போடுகிறவருக்கோ விடுப்பு மறுக்கிறவருக்கோ பரிசு கிடைக்காது. எங்கள் ஓசூர் பியூஸ்காரருக்குத்தான் கிடைக்கும். சந்தேகமிருந்தால் அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் விருதுநகர்ப் பக்கமிருந்து மாறுதலாகி ஓசூருக்குத் தட்டச்சராக வந்தேன். கட்டிடத்தில் ஏழு அரசு அலுவலகங்கள். எனக்கு இரண்டாவது மாடி. பம்பு, ஜெனரேட்டர், ஒயரிங், பிறந்ததிலிருந்து ஓடாத ஒரு லிப்ட், இவ்வளவுக்கும் ஒற்றை ஆபரேட்டர் அவர். சம்பளப் பட்டியலில் அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாளே அவரை அடிக்கப் போனேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஐந்து பக்கக் கடிதம் ஒன்றைக் கணினியில் அடித்துவிட்டு, டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு. விசிறி நிற்கிறது. வராந்தாவில் பியூஸ் பலகைக்கு முன்னால் காக்கிச் சட்டையில் ஒல்லியாக ஒரு மனிதர் நிற்கிறார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை எட்டிப் பார்க்கிறது.

"கரண்ட் போயிருச்சாண்ணே?"

"போகல மேடம். நான்தான் புடுங்கிட்டேன்."

"எதுக்கு?"

"பேன் சுத்திக்கினு இருக்குது, ரூம்ல ஒரு ஆளு இல்ல. ஆளில்லாத ரூமுக்குக் காத்து எதுக்குங்க? நாற்காலிக்கு வேர்க்குதா?"

என் ஐந்து பக்கமும் போயிற்று என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் பம்பு ரூமுக்கு வரச் சொன்னார். அங்கே ஒரு நீள நோட்டு. "ஆளில்லாமல் விசிறி ஓடியது, ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பியூஸ் கட்டை திரும்பப் பலகைக்குப் போகும். புரட்டிப் பார்த்தேன். எங்கள் கண்காணிப்பாளர் பக்கத்துக்குப் பக்கம் ஒப்புக்கொண்டிருந்தார். தாசில்தார் ஒருவர் பச்சை மையில் ஒப்புக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. "அழுத்தாதீங்க மேடம், அடுத்த பக்கம் வேணும்" என்றார்.

அன்று மாலையே அவர் மேல் முதல் புகாரை எழுதினேன். அந்த வருடம் முடிவதற்குள் நான்கு ஆயின. மொட்டைக் கடிதம் அல்ல, பெயர் போட்டு, தேதி போட்டு, நானே தட்டச்சு செய்தவை. "பெண் ஊழியர்களைத் திட்டமிட்டு இருட்டில் வைக்கிறார்" என்று ஒன்றில் எழுதியிருந்தேன். பகல் பதினோரு மணிக்கு, நான்கு ஜன்னல் உள்ள அறையில். கோபம் வந்தால் எனக்கு இலக்கியம் தானாக வரும்.

அவர் அதிகம் பேசியது எங்களிடம் இல்லை. இயந்திரங்களிடம்தான். பம்பு மோட்டார் பெங்களூரிலிருந்து வந்தது என்பதால் அதனுடன் கன்னடம். "பாரோ ராஜா, பா" என்று கெஞ்சுவார். ஜெனரேட்டருடன் தெலுங்கு. கயிற்றை இழுக்கும் முன் "லேம்மா தல்லி, லே" என்று தாயை எழுப்புவதுபோல் எழுப்புவார். அதுவும் எழுந்துவிடும். கர்நாடக எல்லையோரத்து ஜூஜுவாடிக்காரரான அவருக்கு மூன்று மொழியும் வீட்டு மொழி. தமிழ் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் கொஞ்சலுக்குச் சொல் எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியாது.

பழுது பார்க்கும்போது அந்த வேலைக்குரிய பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து, அவரே போய், அவர் கையாலேயே செருகும்வரை ஆண்டவனே வந்து கேட்டாலும் தரமாட்டார். அலுவலக உதவியாளர் காதர் பாய் ஒருமுறை கடையில் புதுக் கட்டை வாங்கிச் செருகிப் பார்த்தார். பியூஸ்காரர் அதையும் பிடுங்கினார். இரண்டு பையிலும் இரண்டு கட்டைகளோடு ஒரு வாரம் நடந்தார்.

மத்தூர்க் கல்யாணக் கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பம்பு மோட்டாரின் காயிலுக்கு வார்னிஷ் பூசிவிட்டு, அது காய ஒரு நாள் ஆகும் என்று யாரிடமும் சொல்லாமல், மறுநாள் காலை மத்தூரில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார் மனிதர். பம்பின் பியூஸ் கட்டை அவரோடு பஸ் ஏறிவிட்டது. பத்து மணிக்கு மேல்நிலைத் தொட்டி காலி. ஏழு அலுவலகம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் கழிப்பறை பற்றி நான் வாயைத் திறக்க விரும்பவில்லை.

காதர் பாய் பஸ் பிடித்து மத்தூர் போனார். கல்யாண மண்டபத்தில் புதுச் சட்டை போட்டு, மணமக்களோடு புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார் பியூஸ்காரர். பழைய சட்டையைக் கழற்றியவர் கட்டையை மறக்காமல் புதுச் சட்டைக்கு மாற்றியிருந்தார்.

"கட்டையக் குடுங்க, நான் கொண்டு போய்ப் போட்டுடறேன்" என்றாராம் பாய்.

"அதெப்படி பாய்? மோட்டாருக்குள்ள கை வெச்சது நானு. நான் பாத்துதான் போடணும். நீ உக்காந்து சாப்புடு, நான் போறேன்."

பாயைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் பஸ் ஏறினார். மூன்று மணிக்குப் பட்டு வேட்டியோடு மோட்டாரின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொட்டுப் பார்த்து, கட்டையைச் செருகினார். தண்ணீர் ஏறியது. நான் மாடியிலிருந்து இறங்கி வந்து கிழி கிழி என்று கிழித்தேன். அவர் வாங்கிக்கொண்டார். மூன்றாவது புகார் அன்றுதான்.

பாய் மறுநாள் என்னிடம் வந்தார்.

"மேடம், ஏன் கட்டையத் தரமாட்டேங்கறாருன்னு தெரியுமா? முன்ன ஒரு ஆபீஸ்ல மோட்டார்ல கை வெச்சிக்கினு இருக்காரு. யாரோ ஒருத்தன், வெயில் தாங்கலைன்னு, பேனுக்காகப் போய் மெயினப் போட்டுட்டான். வலது கையில ரெண்டு வெரலு மடங்காது. பாத்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. நோட்டையும் கட்டையையும்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் நான்காவது புகார் எழுதினேன், அடுத்த மாதமே. என் குணம் அப்படி.

இந்த நேரத்தில் மூன்றாவது மாடிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். வந்ததும் அறையில் இரண்டு ஏசி மாட்டினார். ஓசூரில்! மார்கழியில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யும் ஊரில்! அனுமதி கிடையாது, தனி ஒயர் கிடையாது. கட்டிடம் கட்டியபோது போட்ட பழைய ஒயரில் இரண்டையும் சொருகிவிட்டார்கள். பியூஸ்காரர் மூன்று முறை மாடியேறிப் போய்ச் சொன்னார். மூன்றாவது முறை அதிகாரி, "உன் வேலை பம்பு போடறது. அதைப் பாரு" என்றார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து விருந்தினர்கள் வந்து ஆய்வுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு ஏசியும் நின்றன. கட்டை சட்டைப் பைக்குப் போயிற்று. கேட்டார்கள், தரவில்லை. மிரட்டினார்கள், தரவில்லை. வெளியிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் பலகையைத் திறந்து பார்த்தார், மூடினார், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

பியூஸ்காரருக்குப் பதினேழு பி வந்தது. அரசு ஊழியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வேலையையே பறிக்கக்கூடிய குற்றச்சாட்டு ஆணை அது. ஓய்வு பெற அவருக்கு நான்கு வருடம் இருந்தது. மூன்றாவது மாடியில் தட்டச்சர் இடம் காலி, அதனால் ஆணையைத் தட்டச்சு செய்ய என் மேசைக்கு அனுப்பினார்கள். முதல் குற்றச்சாட்டு, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை. இரண்டாவதை அடித்துக்கொண்டு வரும்போது என் விரல் நின்றுவிட்டது. "பெண் ஊழியர்களைத் திட்டமிட்டு இருட்டில் வைக்கிறார்." என் வாக்கியம். ஆதாரமாக என் நான்கு புகார்களும், சாட்சியாக என் பெயரும்.

அதுவரை அவர் மேலிருந்த கோபம் முழுவதும் அப்படியே திரும்பி என் மேல் விழுந்தது. கொஞ்சம் மிச்சமிருந்தது, அது மூன்றாவது மாடிக்குப் போயிற்று. தனக்குக் குளிர் குறைந்ததற்கு என் ஆத்திரத்தைக் கூலிக்கு எடுத்துவிட்டாரே அந்த மனிதர்!

பம்பு ரூமுக்குப் போனேன்.

"அண்ணே, அந்தக் கட்டையக் குடுத்துருங்க. ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிருவோம். நானே அடிச்சுத் தாரேன்."

"அது முடியாதுங்க மேடம். ஒயரு சூடு. நீங்க ரெண்டாவது மாடி. நெருப்பு வந்தா நீங்க எப்பிடி எறங்குவீங்க? லிப்ட்டும் ஓடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் என் தப்புதான்" என்றார்.

விசாரணைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மூன்றாவது மாடி ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பியூஸ்காரர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பையில் கட்டை. விசாரணை அதிகாரி முதலில் என்னிடம் கேட்டார்.

"இந்த நாலு புகாரும் நீங்க எழுதினதுதானா?"

"ஆமா சார்."

"உண்மையா?"

"கட்டையப் பிடுங்கினது உண்மை சார். நாலு தடவையும்."

பியூஸ்காரர், நான் சரியாகச் சொல்கிறேன் என்பதுபோல் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடத் தெரியாத ஒரு மனுஷன்!

"ஆனா சார், மூணு தடவை என் ரூம்ல ஆளில்லாம பேன் ஓடுச்சு. அத நான் எழுதல. அவரு நோட்டுல இருக்கு, கீழ என் கையெழுத்தும் இருக்கு. இன்னொரு தடவை அவரு சாப்பிடாம கல்யாணத்துலருந்து ஓடி வந்து எங்களுக்குத் தண்ணி விட்டாரு. அதையும் நான் எழுதல. நான் எழுதினதுல எழுதாம விட்டதுதான் சார் அதிகம். இருட்டுன்னு எழுதினேன். பகல் சார் அது."

விசாரணை அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். சத்தமாகப் படித்தார். "மூன்றாம் மாடி ஏசி ஒயர் சூடு. சொன்னேன். கையெழுத்துப் போட மறுத்தார்." இதே மூன்று முறை.

"சூடெல்லாம் ஒன்னும் இல்ல. இப்பவே கட்டையைப் போடச் சொல்லுங்க, தெரிஞ்சிடும்" என்றார் மூன்றாவது மாடி ஐயா.

"போடுங்க" என்றார் விசாரணை அதிகாரியும்.

பியூஸ்காரர் பையைக் கையால் மூடிக்கொண்டார். அப்போதுதான் அந்த இரண்டு விரல்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். மற்றவை மடங்கிப் பையைப் பிடித்திருக்க, அவை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன.

"ஐயா, என்னைய வேலைய விட்டு எடுத்துடுங்க. கட்டைய மட்டும் கேக்காதீங்க. வேணும்னா வந்து பாருங்க, கரண்ட் இல்ல, தொடலாம்."

எல்லோரும் வராந்தாவுக்குப் போனோம். பலகையைத் திறந்து ஒயரை வெளியே இழுத்தார். மேலுறை கறுத்துப்போய், கருகிய தோசை மாதிரி அவர் கையில் உதிர்ந்தது. பலகையின் பின்மரம் ஒரு கை அகலத்துக்குக் கரி. விசாரணை அதிகாரி தொட்டுப் பார்த்து, கரி படிந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். மூன்றாவது மாடி ஐயா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

வேலை தப்பித்தது. "குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை" என்ற ஆணையை நான்தான் அடித்தேன், பிழையில்லாமல், இரண்டு நகல் கூடுதலாக. ஒரே வாரத்தில் இன்னொரு ஆணை வந்தது. நிர்வாகக் காரணங்களுக்காக அவருக்கு மாறுதல், நாட்றாம்பாளையம் பக்கம் மலைமேல் ஒரு மாணவர் விடுதிக்கு. அதே வாரம் மூன்றாவது மாடிக்குப் புது ஒயர், புதுப் பலகை, அதே இரண்டு ஏசி. கட்டிடத்தை எரியாமல் காத்தவருக்கு மலை, எரிக்கப் பார்த்தவருக்குக் குளிர். இந்த வரியை எழுதும்போதும் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது.

போகிற அன்று அவர் ஏழு அலுவலகத்துக்கும் வந்து விசிறிகளைப் பார்த்தார். எல்லாம் ஆளோடு ஓடின. என்னிடம், "வரேங்க மேடம். மோட்டாரு கொஞ்சம் கோவக்காரன். கன்னடத்துல பேசச் சொல்லுங்க, புது ஆளுகிட்ட" என்றார். புது ஆள் ஒப்பந்தத்தில் வந்தவர். அவர் மோட்டாரிடம் எந்த மொழியிலும் பேசவில்லை. எங்கள் கழிப்பறையில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கும் காலம் தொடங்கியது. அதற்கு நான் எழுதிய புகார்கள் எத்தனை என்று கேட்காதீர்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

மலைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்த காதர் பாய், அங்கேயும் நோட்டுப் போட்டுவிட்டார் என்றார். விளக்கை அணைக்காத வார்டன் ஏற்கெனவே இரண்டு பக்கம் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். யானை வழிதவறி வந்து விளக்கைப் போட்டாலும் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்.

போன ஞாயிறு எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் பழுது. பழைய வீடு, இன்னும் பீங்கான் கட்டைதான். சரிசெய்ய ஆள் வந்தார். உள்ளே என் கணவர், கிரிக்கெட் ஓடுகிறது, டிவிக்குக் கரண்ட் கொடு என்று மூன்று முறை கத்தினார். தரவில்லை. மெயின் பியூஸ் கட்டை என் கைப்பையில் இருந்தது. வேலை முடிந்ததும் அந்த ஆளிடம், "ரெண்டு கையையும் மடக்கிக் காட்டுங்க தம்பி" என்றேன். ஏதோ பைத்தியம் என்பதுபோல் பார்த்துவிட்டு மடக்கிக் காட்டினார். பத்து விரலும் மடங்கின. அப்புறம்தான் கட்டையைப் போட்டேன்.