சித்தாமூர் டிரெய்லருக்கு நான் அடித்த தார்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்வதற்கு இருபத்திரண்டைவிடப் பொருத்தமான வயது கிடையாது. நானும் சொன்னேன். அறுபதுகளில், செஞ்சியில், ஒரு சித்திரை வெயிலில், கை கட்டி நின்று சொன்னேன்.

மேல்சித்தாமூர் தரணேந்திர நயினாரின் டிராக்டரில் நான் கிளீனர்; வண்டி நின்றது அவருடைய செஞ்சிக் கொட்டகையில். (துடைக்கிற வேலைதான். ஊரில் மட்டும் 'டிராக்டர்ல இருக்கேன்' என்பேன்.) டிரைவர் வேலையை விட்டுப் போனதும் ஸ்டீரிங் காலியானது. என்னிடம் லைசென்சு இருந்தது. நயினாரிடம்தான் நம்பிக்கை இல்லை.

"மழை வந்தா டிரெய்லர் பலகை ஊறுது. தார் அடிக்கத் தெரியுமாடா?"

"தண்ணிபட்ட பாடு, நயினாரே!"

"அடி, பாக்கறேன். ஒழுங்கா வந்தா ஸ்டீரிங் உனக்கு. இல்லன்னா திண்டிவனத்துக்காரரு ஒருத்தரு வரேன்னுருக்காரு. ஒண்ணு சொல்லிட்டேன், அதுல மல்லாட்டை மூட்டை ஏத்தணும். சீமெண்ணெ நாத்தம் வரக் கூடாது."

தாரைக் காய்ச்சி, மண்ணெண்ணெய் விட்டு இளக்கி அடிக்க வேண்டும் என்பது வண்டிப்பட்டறைப் பக்கம் மேயப் போன ஆட்டுக்குக்கூடத் தெரியும். மண்ணெண்ணெய் கூடாதென்றால்? என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்கு ஆபத்து.) நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். மல்லாட்டை ஏற்றுகிற வண்டிக்கு மல்லாட்டை எண்ணெயே விட்டால் என்ன? செக்கிலிருந்து இரண்டு படி வாங்கி ஊற்றிக் கலக்கி, பலகை முழுக்க அடித்தேன். என்ன பளபளப்பு! தலை வாரிக்கொள்ளலாம்.

மறுநாள் காயவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. கோட்டைப் பாறையே வெந்து கிடந்த வெயிலில் தார் மட்டும் பாகு மாதிரி நெளிந்தது. விரலை வைத்தால் திரும்பி வர யோசித்தது. நான்காம் நாள் காலை, எண்ணெய் வாசனைக்கு எறும்புகள் சாரை சாரையாகக் கல்யாணப் பந்திக்கு வருவதுபோல் வந்தன. வந்தவை எழுந்திருக்கவில்லை.

நயினார் சமணர். பூச்சி விழுந்துவிடுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர். தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிப்பவர். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவி! இன்னாடா இது?"

"தார், நயினாரே."

"தாரா? கொலைக்களம்டா! எத்தினி உசுரு!"

எறும்பைக் காப்பாற்றத் தாவி ஏறினேன். செருப்பு ஒட்டியது. காலை உருவி வைத்தேன், கால் ஒட்டியது. குனிந்து ஊன்றினேன், இரண்டு கையும் ஒட்டியது. அந்த நேரம் பார்த்துத் திண்டிவனத்துக்காரர் வந்து நின்றார்.

"இன்னா நயினாரே, அதுக்குள்ள மாடு ஏத்திட்டீங்களா?"

இரண்டு ஆள் சேர்ந்து என்னைப் பிடுங்கி எடுத்தார்கள். வேட்டி வரவில்லை. நயினார் மயிலிறகை எண்ணெயில் தோய்த்து, உயிர் இருந்த எறும்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு, இனி ஒன்றுகூட ஒட்டக் கூடாதென்று, கொட்டகையில் குவிந்து கிடந்த மல்லாட்டைத் தோலை மணலோடு கலந்து பலகை முழுக்கக் கொட்டி மிதிக்கச் சொன்னார். என் வேட்டிக்கு மேலேயே மிதித்தேன். ஸ்டீரிங் போனது போனதுதான் என்று மிதித்தேன்.

சாயங்காலம் சந்தையில் வாங்கிய உழவு மாட்டு ஜோடியைச் சித்தாமூருக்கு ஏற்றிப் போக வேண்டும். ஓட்டியது திண்டிவனத்துக்காரர். பின்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நான், இடுப்பில் துண்டோடு. தார் அடிக்குமுன் இருந்த வெறும் பலகையில் மாடு ஏறினால் குளம்பு வழுக்கி, வண்டி கிளம்புமுன் படுத்துவிடும். பாதி வழியில் ஆடு ஒன்று குறுக்கே பாய, அவர் பிரேக்கை மிதித்தார். நான் முன்பலகையில் போய் மோதினேன். மாடுகள் இரண்டும் கோயில் நந்தி மாதிரி அசையாமல் நின்றன.

அவர் இறங்கி வந்து தரையைத் தடவினார், தட்டினார். எண்ணெயைத் தோல் குடித்துவிட்டிருந்தது. சொரசொரவென்று இறுகிக் கிடந்தது.

சித்தாமூரில் இறங்கியதும் சொன்னார்: "நயினாரே, இருவது வருசமா ஓட்டறேன். மாடு இப்டி நின்னு நான் பாத்ததில்ல." என் பக்கம் திரும்பினார். "தம்பி, எப்டிப்பா காச்சின?"

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அது தொழில் ரகசியம்ணே!" என்றேன்.

நயினார் என்னையே பார்த்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "நாளையிலேர்ந்து ஸ்டீரிங்ல உக்காரு. தார் டின்னு பக்கம் போனே, கைய ஒடிச்சிடுவேன்!" என்றார்.

அடுத்த மாதமே மூன்று டிரெய்லர்காரர்கள் அந்தத் தாரைக் கேட்டு வந்தார்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது வந்து உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறபோது, என் மனைவி அடுப்படியிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்து என்னைக் கேட்பாள்: "பாவம், அவரு மேல தப்பில்ல. அந்த நாற்காலிக்கும் நீதான் தார் அடிச்சியா?"